அடித்தது வேலாயி

வேலாயி பிறந்தது 1882இல். அவள் பெயர் முதன்முதலாக ஒரு காகிதத்தில் ஏறியது 1901இல். ஏற்றியது பதுளைப் பொலிஸ் கோர்ட்டு. காரணம், அவள் ஒரு கங்காணியை அடித்தாள்.

அடித்ததை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால், ஏன், வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும், வழக்கு பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவள் மூடிக்கொள்ளவில்லை.

இலங்கை மலைநாட்டில் லுணுகலைக்கு மேலே, வண்டிப் பாதை முடிகிற இடத்தில் கல்லாத்துத் தோட்டம். அவள் பிறந்த வருடம் கோப்பிச் செடிகள் இலைநோயில் மொட்டையாகிக்கொண்டிருந்தன. கூலியாட்களின் வரிசை அறைகளான லயத்தில் பாதி காலி. மீதி லயத்தின் கடைசிக் காம்பராவில் நல்லம்மாவுக்கு வலி எடுத்தது. ஒரு தலை வந்தது. பிறகு இன்னொன்று. மருத்துவச்சி ஒன்றைத் தூக்கினாள். மற்றதும் கூடவே வந்தது. முதல் பிள்ளையின் இடப்பக்கமும் இரண்டாவதின் வலப்பக்கமும் ஒட்டியிருந்தன. இடுப்பெலும்பிலிருந்து கீழ்விலா வரை. வளர்ந்தபின் அளந்த கணக்கு: நீளம் ஒன்பது அங்குலம், அகலம் ஐந்து. தலை இரண்டு, நெஞ்சு இரண்டு, கை நான்கு, கால் நான்கு.

லயமே கூடி வாசலை அடைத்துக்கொண்டு பார்த்தது. பொழுது சாயுமுன் போய்விடும் என்றார்கள். போகவில்லை. மூன்றாம் நாள் நல்லம்மா பெயர் வைத்தாள். தலை முதலில் வந்தவள் அங்கம்மா, அடுத்தவள் வேலாயி.

"சாகப்போற புள்ளைக்கு எதுக்குடி ரெண்டு பேரு? ஒண்ணு போதாதா?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"மார்ல பால் குடிக்கிறது ரெண்டு வாயி. ஒனக்கென்ன, பேருக்குக் காசா குடுக்கிற?" என்றாள் நல்லம்மா.

ஒட்டின இடத்தில் கிள்ளினால் இருவருக்கும் வலிக்கும். அதற்கு இரண்டு விரல் தள்ளிக் கிள்ளினால் ஒருத்திக்கு மட்டும். அங்கம்மா வயிறாரச் சாப்பிட்டால் வேலாயிக்குப் பசி பாதி அடங்கும். ஆனால் கருவாட்டின் ருசி தெரியாது. இது பெரிய அநியாயம் என்று வேலாயி சின்ன வயதிலிருந்தே சண்டை போட்டாள். அங்கம்மா பாடுவாள். வேலாயி பாடினால் நாய் எழுந்து போகும். அங்கம்மாவுக்குப் பயம் அதிகம். வேலாயிக்குப் பயம் வருமுன் கோபம் வந்துவிடும். ஒருத்தி தூங்கும்போது மற்றவள் விழித்திருப்பாள். அங்கம்மா கனவில் கண்டதைக் காலையில் சொன்னால்தான் வேலாயிக்குத் தெரியும்.

சந்தைக்குப் போனால் லுணுகலைக் கடைத்தெருவே கேட்கும்: "நீங்க ஒண்ணா ரெண்டா?"

அங்கம்மா தலையைக் குனிந்துகொள்வாள். வேலாயி வண்டிக்காரனைக் காட்டுவாள். "அந்தா நொகத்தடில பூட்டியிருக்கே, அந்த மாடு ஒண்ணா ரெண்டா? அத எண்ணிட்டு வாங்க, சொல்றேன்."

பத்து வயதில் கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பினார்கள். கோப்பி போய்த் தேயிலை வந்திருந்தது. தேயிலை மலையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிரை. இரண்டு வரிசைச் செடிக்கு நடுவே நின்று இருபக்கமும் எடுத்துக்கொண்டே மேலே போக வேண்டும். அக்காவும் தங்கையும் தனித்தனி நிரையில் நிற்க வழியில்லை. ஒரே நிரையில் இறங்கினார்கள். வலப்பக்கச் செடி அங்கம்மாவுக்கு, இடப்பக்கச் செடி வேலாயிக்கு. இரண்டு தலையிலும் கயிறு, முதுகில் இரண்டு கூடை. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறுவார்கள். அந்த மலையில் அவர்களைவிட வேகமாக நிரையை முடித்தவர்கள் இல்லை.

ஆனால் தோட்டத்து வழக்கம், நிரைக்கு ஒரு பெயர். ஒரு நிரையில் நிற்பது ஒரு ஆள். அவர்களை வேலை வாங்கும் இராசையா கங்காணி அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். கணக்கப்பிள்ளை ஆள் கணக்குப் பேரேடான செக்ரோலில் அப்படித்தான் எழுதினார். அங்கம்மா.

விடிகாலையில் தப்படிக்கும். பனியில் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவார். "அங்கம்மா!" "இருக்கேங்க." அடுத்த பெயர். ஒன்பது வருடம் இப்படி. கூப்பிடும்போதெல்லாம் வேலாயி கணக்கப்பிள்ளையின் பென்சிலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது ஒரு வரியில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே நகரும். அவள் மேல் நிற்காது.

அவளைக் குறிப்பிட வேண்டி வந்தால் கங்காணிக்கு ஒரு சொல் இருந்தது. "ஒட்டு." அங்கம்மாவும் அவ ஒட்டும்.

1901 ஆவணியில் அங்கம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் கொதித்தது. வேலாயிக்கும் உடம்பு சுட்டது. ஆனால் தலை தெளிவாக இருந்தது. மூன்று நாளும் அக்காள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் கிடந்தாள். வேறு எங்கே கிடப்பாள்? நாலாம் நாள் காலை கங்காணி லயத்துக்கே வந்துவிட்டார். கொழுந்து முற்றிப்போகிற பருவம், ஆள் போதவில்லை.

"என்னடி அங்கம்மா, பெரட்டுக்கு வராம படுத்துக்கிட்டா தோட்டத்துத் துரை என்னயில்ல கேட்பாரு?"

"காச்சலுங்க கங்காணியய்யா. எந்திரிக்க முடியல," என்றாள் அங்கம்மா.

"காச்சல் ஒனக்குத்தானே? ஒன் ஒட்டுக்கு ஒண்ணுமில்லையே, மொறச்சிக்கிட்டுல்ல இருக்கு. அத எந்திரிக்கச் சொல்லு. அது எடுக்கட்டும், நீ பின்னால இழுபட்டுக்கிட்டுப் போ." சொல்லிக்கொண்டே அங்கம்மாவின் கம்பளியைப் பிடித்து இழுத்தார்.

"வேணாண்டி," என்றாள் அங்கம்மா. கங்காணியிடம் அல்ல. தங்கையின் தோள் இறுகுவது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

வேலாயியின் இடது கை கங்காணியின் வலது கன்னத்தில் இறங்கியது. தலைப்பாகை கழன்று வாசலுக்கு வெளியே சாக்கடைக் கானில் விழுந்து, அழுக்குத் தண்ணீரோடு இரண்டு காம்பரா தூரம் போனது. லயத்துப் பிள்ளைகள் அதன் கூடவே ஓடினார்கள்.

"பீச்சாங்கையால அடிச்சிட்டா!" என்று கங்காணி கத்தினார். அடித்ததைவிட அதுதான் அவருக்குச் சுட்டது.

அந்தக் காலத்துச் சட்டத்தில் தோட்டத்து ஆள் வேலைக்கு வர மறுத்தாலும் மேலாளை எதிர்த்தாலும் மறியல்தான், அதாவது ஜெயில். மூன்று மாதம் வரை போடலாம். பத்து நாளில் சம்மன் வந்தது. கணக்கப்பிள்ளை வாசித்துக் காட்டினார். வேலைக்கு வர மறுத்தது, கங்காணியை அடித்து அவமதித்தது, கல்லாத்துத் தோட்டத் தொழிலாளி அங்கம்மா.

"அடிச்சது நானு," என்றாள் வேலாயி.

"செக்ரோல்ல இருக்கிற பேருக்குத்தான் சம்மன் வரும்."

"அப்ப என் அடியும் அவ பேருலயா?"

கணக்கப்பிள்ளை சம்மனை அங்கம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பதுளைக்கு இருபத்தைந்து மைல். பசறையில் ஒரு நாள் தங்கி மறுநாள் பொழுதேற நடந்தார்கள். கோர்ட்டு வாசலில் மரத்தடியில் மைக்கூடும் பலகையும் வைத்துக்கொண்டு ஜுனைதீன் நானா இருந்தார். பெட்டிசன் எழுதுகிறவர். உள்ளே இருக்கிற கறுப்புக் கோட்டுக்காரர்களைவிட அவருக்குச் சட்டம் தெரியும் என்று தோட்டங்களில் பேச்சு. சம்மனை வாங்கி வாசித்தார். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மைக்கூடு ஆடியது.

"ஒங்கட துரையும் கங்காணியும் அவங்கட கால அவங்களே வெட்டியிருக்காங்க புள்ள. சம்மனில இருக்கிறது யாரு? அங்கம்மா. அங்கம்மா கை நீட்டினாளா?"

"இல்லீங்க நானா. நான் வேணாம்னுகூடச் சொன்னேன்," என்றாள் அங்கம்மா.

"அப்ப ஒனக்குக் குத்தமில்ல. காச்சல்ல கிடந்தவளுக்கு வேலைய மறுத்த குத்தமும் நிக்காது. இந்தத் தங்கச்சி பேரு செக்ரோல்லயே இல்ல. செக்ரோல்ல இல்லாத ஆள் தோட்டத்து ஆளே இல்ல, அந்தச் சட்டம் தொடாது. ரெண்டு பேரும் கம்முனு நில்லுங்க. யாரு அடிச்சான்னு கேட்டா பேசவேணாம். பகல் சோத்துக்குப் பசறைக்குப் போயிரலாம்."

அங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். வேலாயி கும்பிடவில்லை.

"அப்ப அடிச்சது யாருன்னு எழுதுவாங்க?"

"யாருமில்லன்னு."

"அவர் கன்னத்துல அஞ்சு வெரலு பதிஞ்சிருந்துச்சு நானா. யாருமில்லாதவளுக்கு வெரலு ஏது?"

"புள்ள, தப்பிக்க வழி சொன்னா..."

"எனக்குத் தப்பிக்க வேணாங்க. நான் அடிச்சேன்னு எழுதணும். என் பேரப் போட்டு."

அங்கம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தங்கையின் கையைப் பிடித்து உலுக்கினாள். "அடியே, ஒன்ன மறியல்ல போட்டா நான் எங்கடி போறது? நீ பேரு வாங்க நான் ஜெயிலுக்கு வரணுமா?"

"ஒனக்குத்தான் தெனமும் கூப்பிடுறாங்களே அக்கா. ஒம்போது வருசமா நீ இருக்கேங்கன்னு சொல்லுற. நான் எங்க இருக்கேன்?"

"எம்பக்கத்துல இருக்கடி!"

"அதத்தான் கங்காணி ஒட்டுங்கிறாரு."

அதற்குப் பிறகு அங்கம்மா பேசவில்லை. வழக்கு மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. சிவன் கோயில் மடத்தில் தங்கினார்கள். சோறு தின்னும்போதும் பேசவில்லை. வேலாயி கருவாட்டுத் துண்டைப் பிய்த்து அக்காள் இலையில் வைத்தாள். அங்கம்மா அதை எடுத்துத் தங்கை இலையிலேயே திருப்பி வைத்தாள். அப்படி ஒரு மௌனத்தை வேலாயி அதற்குமுன் கண்டதில்லை. ஒன்பது அங்குலத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் கோர்ட்டில் உட்கார இடமில்லை. இரட்டைப் பிறவியைப் பார்க்க ஹாலிஎலயிலிருந்து, ஸ்பிரிங்வெளியிலிருந்து எல்லாம் சனம் வந்திருந்தது. நீதவான் வெள்ளைக்காரர். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு முதலியார்.

முதலில் கங்காணி. புதுத் தலைப்பாகை.

"உம்மை அடித்தது அங்கம்மாவா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க துரை. நிரைக்கு ஒரு ஆளுங்க."

"கூடை எத்தனை?"

"ரெண்டுங்க."

"செக்ரோலில் பெயர்?"

"ஒண்ணுங்க."

"அடி எத்தனை?"

கங்காணி கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுதாங்க. அது பெரிய அடிங்க."

கூட்டம் சிரித்து ஓய அரை நிமிடம் ஆயிற்று.

அடுத்து டவுன் டாக்டர். முதல் நாள் மாலையில் இருவரின் கண்ணையும் கட்டி ஊசியால் குத்திப் பார்த்திருந்தார். தாளைப் பார்த்து வாசித்தார். தோளில், காலில் குத்தியபோது ஒருத்திக்கு மட்டுமே தெரிந்தது. ஒட்டின பாகத்தில் குத்தியபோது இருவரும் ஒரே நொடியில் கத்தினார்கள். அங்கே நரம்பு பொது. நரம்பு பொது என்றால் சித்தமும் ஓரளவு பொதுவாக இருக்கலாம். ஒருத்தி செய்ததை இன்னொருத்தியின் செயல் அல்ல என்று பிரித்துச் சொல்வது கடினம்.

முதலியார் இதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன் வேலாயி கையைத் தூக்கினாள். ஜுனைதீன் நானா பின்வரிசையிலிருந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

"சாமி, ஊசி குத்தினப்ப ரெண்டு பேருக்கும் வலிச்சிச்சு, நெசந்தான். கத்தினோம். இவ 'அம்மா'ன்னு கத்தினா. நான் டாக்டரோட அப்பன வஞ்சேன். ஒரே மனசுன்னா ஒரே வார்த்தையில்ல வரணும்?"

முதலியார் கொஞ்சம் தயங்கி, தகாத வார்த்தை என்று மட்டும் சொன்னார். டாக்டர் தாளைப் பார்த்தார். அது உண்மைதான் என்றார்.

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். "உன் அக்காள் நினைப்பது உனக்குத் தெரியுமா?"

"நேத்து மத்தியானத்துலேருந்து இவ எங்கூடப் பேசல சாமி. என்ன நெனைக்கிறான்னு பொழுதுக்கும் யோசிச்சிப் பாத்தேன். தெரியல. ஒடம்பு ஒட்டியிருக்கு. ஆனா அவ மனசுக்குள்ள நான் போக முடியல. ஒங்களுக்கு எப்படி வெளியாளோ, அப்படித்தான் எனக்கும்."

"கங்காணியை அடித்தது யார்?"

"நானு. வேலாயி. நல்லம்மா மக வேலாயி. எழுதிக்கிங்க."

"இதற்குச் சாட்சி உண்டா?"

சாட்சி இருந்தாள். ஆனால் அவள் முதல் நாள் மத்தியானத்திலிருந்து தங்கையோடு பேசவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்; இரண்டு பேரும் அன்றைக்கே ஊர் திரும்பலாம். வேலாயி திரும்பிப் பார்க்கவில்லை. அக்காளின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும். பக்கவாட்டில் அக்காளின் விலா ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. வேகமாக.

"இவதாங்க அடிச்சா," என்றாள் அங்கம்மா. குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. "நான் வேணாம்னேன். கேக்கல. பீச்சாங்கையால அடிச்சா. என் ரெண்டு கையும் போர்வைக்குள்ள இருந்திச்சி. நான் ஒண்ணும் பண்ணல. எல்லாம் இவ பண்ணதுங்க. சின்ன வயசுலேருந்து இவ இப்படித்தான், யாரு சொல்லும் ஏறாது."

 வேலாயிக்கு எதிராக அன்று சொல்லப்பட்ட ஒரே சாட்சி அது. அவளுக்கு அதுவரை ஒருத்தரும் கொடுக்காததைக் கொடுத்த சாட்சியும் அதுதான்.

நீதவான் கங்காணியைக் கூப்பிட்டு எந்தக் கன்னம் என்று கேட்டார். கங்காணி, எதிரே இருப்பவரின் இடக்கை விழுகிற வலக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். தீர்ப்பைச் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. அங்கம்மா மேல் குற்றமில்லை, விடுதலை. வேலாயி அடித்தது அவள் வாக்காலேயே நிரூபணம்; தோட்டச் சட்டம் தொடாவிட்டாலும் பொதுச் சட்டத்தில் குற்றவாளி. ஆனால் அவளை மறியலுக்கு அனுப்பினால் குற்றமற்ற ஒருத்தியையும் அனுப்ப வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே கோர்ட்டு கலையும் வரை வேலாயி கூண்டில் நிற்க வேண்டும். அதுவே தண்டனை. அங்கம்மா இப்போதே வீட்டுக்குப் போகலாம்.

"எப்படிங்க போறது?" என்றாள் அங்கம்மா.

முதலியாருக்கு அதை மொழிபெயர்க்க முடியவில்லை. சிரிப்பில் தோள் குலுங்கியது.

மாலை நான்கு மணி வரை நின்றார்கள். மத்தியானம் அங்கம்மா ஜுனைதீன் நானாவை அழைத்து, "நான் விடுதலையான ஆளு நானா, எனக்கு ரெண்டு வடை வாங்கிக் குடுங்க," என்றாள். பொலிஸ்காரன் சட்டத்தை யோசித்துப் பார்த்து விட்டுக்கொடுத்தான். குற்றவாளிக்குக் கூடாது என்றான். அங்கம்மா இரண்டு வடையையும் நிதானமாக, மிளகாயைக் கடித்துக் கடித்துத் தின்றாள். வேலாயி பார்த்துக்கொண்டே நின்றாள். பசி பாதி அடங்கியது.

"ருசியா இருக்காக்கா?"

"ஒனக்கு எதுக்குடி, குத்தவாளி," என்றாள் அங்கம்மா. பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஜுனைதீன் நானா தீர்ப்பின் இரண்டு வரியை ஒரு தாளில் பிரதி எடுத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டுக் குற்றவாளியான ஆளைத் தாம் பார்த்ததில்லை என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை "அங்கம்மா!" என்றார். "இருக்கேங்க," என்றாள் அங்கம்மா. அடுத்த பெயர். கடைசிப் பெயர். எல்லோரும் மலைக்குப் புறப்பட்டார்கள். வேலாயி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன, போறதில்லையா?"

"அவ போகலாங்க. அவளக் கூப்பிட்டீங்க. என்னக் கூப்பிடல. கூப்பிடாத ஆளு மலைக்குப் போனா தப்பில்லீங்களா?"

அங்கம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் ரெடிங்க. இவ வந்தா போயிருவேன்," என்றாள்.

வேலையை மறுத்ததாக வழக்குப் போட முடியாது. அங்கம்மா மறுக்கவில்லை, வேலாயி செக்ரோலில் இல்லை. மூன்று நாள் இப்படியே போயிற்று. மூன்று நாளும் தோட்டத்தின் வேகமான நாலு கை பெரட்டுக் களத்தில் சும்மா நின்றது. நாலாம் நாள் துரையே குதிரையில் வந்தார். வேலாயி ஜுனைதீன் நானா எழுதிய தாளை நீட்டினாள். துரை வாசித்தார். கோர்ட்டில் ஆளாக நின்றவளைத் தோட்டத்தில் ஆளில்லை என்று எழுதினால் அடுத்த வழக்கில் தாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். கணக்கப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

பென்சில் அங்கம்மாவுக்குக் கீழே இறங்கி நின்றது.

"வேலாயி!"

எத்தனையோ வருடமாக அவள் ஆயத்தம் செய்து வைத்திருந்த பதில்தான். வரவில்லை. அங்கம்மா விலாவில் இடித்தாள்.

"இருக்கேங்க!" என்றாள் வேலாயி. தேவைக்கு மேல் சத்தமாக. கீழ் லயத்து நாய் குரைத்தது.

தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இஞ்சினுக்கு விறகு போடுகிற வடிவேல் அடுத்த வருடம் பெண் கேட்டு வந்தான். வேலாயியைக் கேட்டான். லயத்தில் பஞ்சாயத்து. கட்டினால் இரண்டு பேருக்கும் தாலி கட்டு, இல்லாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றார்கள். அங்கம்மா தானே எழுந்து சொன்னாள்: "அவரு கேட்டது இவள. எனக்கு இந்த ஆளு வேணாங்க. மூக்கு கோணல்." ஒரு தாலிதான் கட்டப்பட்டது. கடைசிவரை அவள் அவனை மூக்கு என்றே கூப்பிட்டாள்; அவன் அவளை மதினி என்று இழுத்துப் பதிலுக்குக் கேலி செய்தான். 1904இல் ஒரு மகன். வேலாயிக்கு அவன் மகன், அங்கம்மாவுக்குத் தங்கச்சி பிள்ளை, செல்லம். அழுதால் யார் அருகில் கிடக்கிறானோ அவள் தூக்குவாள்; வேலாயி அடிப்பாள், அங்கம்மா தடவுவாள். அம்மா, பெரியம்மா என்று அவன் சரியாகப் பிரித்தே கூப்பிட்டான். அவனுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. வடிவேல் 1918 விஷக்காய்ச்சலில் போனான். மகன் தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடித்து, ரயில்பாதை அளக்கிறவர்களிடம் சங்கிலி பிடிக்கப் போய், மட்டக் கருவி பார்க்கக் கற்று, ஹாலிஎலயில் வேலையாக இருந்தான்.

1928 ஐப்பசி. விடாத மழை. அங்கம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். தந்தி பார்த்து மகன் வந்தான். தோட்டத்து டிஸ்பென்சர் காலையில் வந்து குழாயை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஒன்பது நாற்பதுக்கு வேலாயி, "அவ போயிட்டா," என்றாள். யாரும் இன்னும் கவனிக்கவில்லை. டிஸ்பென்சர் குனிந்து பார்த்தார். ஆமாம்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான் மகன்.

"இந்தப் பக்கம் யாருமில்ல."

டிஸ்பென்சர் அவனை வாசலுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். இரத்தம் பொது, அதிக நேரம் தாங்காது. லொறியில் போட்டுப் பதுளைக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டர்கள் வெட்டிப் பிரித்தால், ஒருவேளை. ஒருவேளைதான். சுவர் பலகை, வேலாயிக்குக் கேட்டது.

"வேணாம்," என்றாள்.

"அம்மா, ஒரு வழி இருக்குன்னா..."

"ரெண்டு பேருன்னு காட்டக் கத்தி எதுக்குடா? கோர்ட்டுலயே சொல்லியாச்சி. இத்தன வருசம் இந்த ஒட்டோடதான் நான் நானா இருந்தேன். இப்ப வெட்டிட்டு என்ன புதுசா ஆகப்போறேன்? அவ தலைய வாரு. கலஞ்சி கெடக்கு."

அவன் பெரியம்மாவின் தலையை வாரினான். நடுவகிடு எடுக்கச் சொன்னாள். கோணலாகிவிட்டது என்று திட்டினாள். பிறகு தேத்தண்ணீர் கேட்டாள். சீனி தூக்கலாக.

"முழுசும் எனக்குத்தான் இன்னைக்கி," என்று சொல்லிக் குடித்தாள். பாதிக்குமேல் இறங்கவில்லை. மிச்சத்தை அவனைக் குடிக்கச் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்குக் குளிர்கிறது என்றாள். கம்பளி போட்டார்கள். அக்காளின் கை வெளியே கிடந்தது; அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அதன்பிறகு ஒருமுறை மட்டும் மகனின் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஓடுதா?" என்றாள்.

"ஓடுதும்மா."

"பாத்துக்க."

ஒன்று பதினைந்து.

டிஸ்பென்சர் மரணப் படிவத்தை அடுப்பங்கரைப் பெட்டி மேல் வைத்து நிரப்பினார். ஒரு தாள். பெயர் என்ற இடத்தில் அங்கம்மா, வேலாயி என்று சேர்த்து எழுதினார். நேரம், காலை 9.40.

"ரெண்டு தாள் குடுங்க," என்றான் மகன்.

"ஒடம்பு ஒண்ணுதானே தம்பி. எப்படியும் அவ உசிரு போனப்பவே இதுவும் போன மாதிரித்தான். மேல ஆபீசுல..."

"மூணரை மணி நேரத்துக்கு மேல எங்கம்மா பேசிக்கிட்டும் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டும் இருந்தாங்க. நீங்க பாத்தீங்க. செத்தவங்களா சீனி கேட்டாங்க?"

டிஸ்பென்சர் அந்தத் தாளைக் கிழித்தார். இன்னும் இரண்டு எடுத்தார். மகன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தான். குழி ஒன்றுதான் வெட்டினார்கள், வேறு வழியில்லை. ஆனால் தாள் இரண்டு.

அங்கம்மா. வயது 46. காலை 9.40.

வேலாயி. வயது 46. பிற்பகல் 1.15.

இடையில் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் வேலாயி இருந்தாள்.